பதினான்காம் நிமிடம்

நரின் நகரில் அன்று வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
உள்ளே, இயற்பியல் அறையில்,
இரண்டு எனாமல் குவளை, இரண்டு வெப்பமானி,
ஒரே கெட்டிலிலிருந்து ஊற்றிய வெந்நீர்
ஆளுக்கு இருநூறு மில்லி.
நீர்மட்டம் நடுவில் குழிந்திருக்கும்,
அந்தக் குழிக்கு நேராகக் கண்ணை வைக்கவேண்டும்.
சியிமிக் குனிந்தான். நான் முழங்காலிட்டேன்.

ஒரு குவளைக்கு ஆட்டுரோமக் கம்பளி சுற்றினோம்,
அவன் வீட்டில் யாரோ கழித்துப்போட்ட
பூட்ஸின் உட்புறத்தை வெட்டி.
மற்றது வெறுமனே.
ஒன்றை மட்டும் மாற்று, மீதியெல்லாம் அப்படியே இருக்கட்டும்:
கரும்பலகையில் இருந்த அந்த வரியை
நோட்டில் இரண்டு தடவை எழுதிவிட்டேன்.

எங்கள் வீட்டில் அக்டோபரில்
ஒரே வாரத்தில் இரண்டு மாறின.
அப்பா நோவோசிபிர்ஸ்குக்குக் கட்டட வேலைக்குப் போனார்.
பனி விழத் தொடங்கியது.
அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டது எதனால் என்று
இனிக் கண்டுபிடிக்க வழியில்லை.

எண்பது, எண்பது.
எழுபத்தேழு, எழுபத்துநான்கு.
அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.
பதினான்காம் நிமிடம் மின்சாரம் போனது.
எங்களுடையது மாலை ஷிப்ட். ஐந்தரைக்கே கும்மிருட்டு.
செல்போன்களெல்லாம் வாசலில், பெட்டிக்குள்.
யாரோ சிரித்தார்கள்,
யாரோ பெஞ்சில் இடித்துக்கொண்டு கத்தினார்கள்.
விளக்கு வந்தபோது கடிகாரத்தில் பதினாறு.

"அறுபத்தொன்று போடு, பெகாயிம்.
முன்னே அறுபத்துமூன்று, பின்னே ஐம்பத்தொன்பது.
நடுவில் வேறென்ன இருந்திருக்கும்?"
அதுவேதான் இருந்திருக்கும்.
ஆனால் பார்க்கவில்லையே.
"அப்போ சைபர் போடு."
சைபர் போட்டால் தண்ணீர் உறைந்துபோனதாக ஆகும்.
சைபரும் பார்த்துவிட்டுச் சொல்வதுதான்.
பார்க்காததற்கு எண் கிடையாது.
கட்டத்தைக் காலியாக விட்டேன். அவன் முகம் கோணியது.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
யாருக்கும் காட்டாத அட்டவணை ஒன்று உண்டு.
ஞாயிறுகள், அப்பா பேசிய நிமிடங்கள்.
பன்னிரண்டு. ஒன்பது. ஒன்பது. ஏழு.
போன ஞாயிறுக்கு நேரே ஒரு சைபர்.
அன்று எங்கள் பக்கத்து டவரே வேலை செய்யவில்லை,
தெருவில் ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை.
அழைத்தாரோ, அழைக்கவில்லையோ.

இரவு ரப்பரால் அழித்தேன்.
அந்த இடத்தில் காகிதம் ரோமம் கிளம்பி நின்றது.

மறுநாள் முடிவு எழுதிக்கொண்டிருந்தோம்:
கம்பளி சூட்டைக் காக்கும்.
பின்பெஞ்சு சோல்பான் எட்டிப்பார்த்துக் கேட்டாள்:
"உங்கள் கம்பளிக் குவளை
ரேடியேட்டர் பக்கம்தானே இருந்தது?"

சியிமிக் என்னைப் பார்த்தான்.
நான் ரேடியேட்டரைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் முதலிலிருந்து.
குவளைகளை இடம் மாற்றி மாற்றி வைத்து, மூன்று தடவை.
டார்ச் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.
பாட்டரி இருக்கிறதா என்று
முதலில் எரியவிட்டுப் பார், என்றேன்.