எண்பத்து மூன்று விழுக்காடு

நாடுகளின் பட்டியலில் ஃபாரோ இல்லை.
ஃபாக்லாந்துக்கும் ஃபிஜிக்கும் இடையிலான இடுக்கில்
விரல் வைத்துத் தேடினாள் யோஹில்ட்,
செதில் காயாத விரல்.

சரி, டென்மார்க் என்று பொய் சொன்னாள்.
அஞ்சல் எண்ணுக்கு நான்கு கட்டங்கள்;
கிளாக்ஸ்விக்குக்கு இருப்பதோ மூன்று இலக்கம்.
முன்னால் பூஜ்யம் போட்டாள், சிவந்து முறைத்தது.
ஒன்று போட்டாள், சிரித்து ஏற்றுக்கொண்டது.
புத்தகம் கோபன்ஹேகனில்
யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டுத் திரும்பிப் போயிற்று.
அனுப்பிய கூலி மட்டும் திரும்பவில்லை.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மின்னூலுக்குச் சுமைகூலி கிடையாது.
தாள் இல்லை, மை இல்லை, கப்பல் இல்லை,
விலை மட்டும் தாள் புத்தகத்தைவிடப்
பதினெட்டுக் குரோனர் கூட.
வாங்கினாள்.
வாங்கினாள் என்று எழுதக் கூடாதாம்;
விதி பதினான்கின்படி
படிக்க அனுமதி பெற்றாள்.

அக்டோபர் முழுக்க, சால்மன் ஆலையின் இடைவேளைகளில்
ஒரு கையுறையை மட்டும் கழற்றிவிட்டுப் படித்தாள்.
பக்க எண் இல்லை, விழுக்காடுதான்,
கடன் அடைப்பதுபோல.
எழுபதில் பாதிரியார் செத்தார்.
எண்பத்து மூன்றில்
ஒருத்தி படகுக் கொட்டகையின் தாழ்ப்பாளில் கை வைத்தாள்,
கருவி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போய்விட்டது.

வந்தபோது அட்டைப்படம் சாம்பல் நிறம்.
‘இந்நூல் உங்கள் பகுதியில் கிடைக்காது.’
அவள் எந்தப் பகுதி என்று
இப்போது தெரிகிறது அதற்கு!

உதவிக்கு வந்தவன் பெயர் கேல்வின்.
வருத்தம் புரிகிறது யோஹில்ட், என்றான்.
நான்கு முறை புரிந்துகொண்டான்.
போகிற போக்கில் கருவிக்கு ஓர் உறை காட்டினான்,
தோலில், தள்ளுபடியில்.

இரவு பத்தரை. புயலில் படகுகள் நின்றுவிட்டன.
தெற்கே சூவுரோயில் மார்யுனிடம் தாள் பிரதி இருக்கிறது,
நூலகம் கழித்துப்போட்டது, முதுகு பிய்ந்தது, பத்துக் குரோனர்.
“தாழ்ப்பாள்வரை வந்தேன். மேலே படி.”
“எத்தனையாம் பக்கம்?”
“பக்கம் தெரியாது. தாழ்ப்பாள்.”

மார்யுன் கண்ணாடியைத் தேடினாள், கெட்டிலை அணைத்தாள்.
தாள் புரளும் ஓசை தீவுகளைத் தாண்டி வந்தது.
மோசமாகப் படித்தாள், ஒரு காற்புள்ளியையும் மதிக்காமல்;
நடுவில் நிறுத்தி,
“இவள்தான் கொன்றது, எனக்கு அப்பவே தெரியும்” என்றாள்.

யோஹில்ட் ஒன்றும் சொல்லவில்லை.
மேசையில் வெளிச்சம் எழுந்தது:
‘இந்நூலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’
கவிழ்த்துப்போட்டாள்.
காபிக் கோப்பையை அதன்மேல் வைத்துவிட்டு
“ம், அப்புறம்?” என்றாள்.