பத்து விநாடிக்கு மேல்

நிலையத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொல்கிறார்கள்.
என்னிடம் இருப்பது பச்சை அட்டை போட்ட
ஒரு நோட்டு மட்டும்.
ஒலிபரப்பு பத்து விநாடிக்கு மேல் நின்றால்
தேதி, நேரம், காரணம், கையொப்பம்.
பேசியதை யாரும் குறித்து வைக்கவில்லை.
பேசாததற்குத்தான் கணக்கு.

நிபோங் தெபாலில்
ஆ கியாட்டின் டாயர் கடைக்கு மேல்மாடி.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டியும்
கீழே காற்றடிக்கும் மெஷின்
செய்திக்கு நடுவே உறுமும்.
எங்கள் முத்திரை இசை அதுதான் என்று
கடிதம் போட்ட நேயர் உண்டு.
தெற்கே கிரியான் பாலம் வரை எட்டினோம்.
பாலத்தின் பாதியில் பாட்டு கரகரக்கும்,
பாரிட் புந்தாரில் வெறும் இரைச்சல்.

முதல் பதிவு:
மார்ச் 9, காலை ஆறு மணி. பதினான்கு நிமிடம்.
காரணம்: சாவி ரோஸ்லானோடு ஈப்போ போய்விட்டது.

அப்புறம் பல்லி. அப்புறம் இடி. மறுபடி பல்லி.
தீபாவளிக்கு முந்தின இரவு மூன்று நிமிடம்,
எல்லாரும் கீழே மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருந்தோம்.
வெள்ளத்தின்போது இரண்டு நாள்;
அந்தப் பக்கம் நனைந்து உலர்ந்து
இன்னும் நெளிந்தே கிடக்கிறது.

மாலை அறிவிப்பு குணவதி.
பிறந்தநாள் வாழ்த்து, தொலைந்த அடையாள அட்டை,
எண்ணெய் ஆலைக்கு ஆள் தேவை, மரண அறிவித்தல்
எல்லாம் ஒரே துண்டுத்தாள் கட்டில் வரும்.
எதற்கு எந்தக் குரல் என்று
புரட்டுகிற நொடியில் முடிவுசெய்வாள்.
அன்றும் புரட்டினாள்.
“மரண அறிவித்தல். ஜாவி. லோரி ஓட்டுநர், அமரர்...”

கண்ணாடிக்கு இப்பால் நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
பார்க்கத்தான் சம்பளம்.
பதினொன்று. இருபது.
ஒரு பாட்டைத் தட்டிவிட்டிருக்கலாம்,
விரல் பொத்தான்மேல்தான் இருந்தது.
எந்தப் பாட்டை?

நாற்பத்தோராம் விநாடியில்
தம்பி பெயரைத் தகப்பன் பெயரோடு முழுதாக வாசித்தாள்.
வீட்டு முகவரி. நல்லடக்கம் நாளை மாலை நான்கு.
பிறகு, நேரம் இப்போது ஏழு பன்னிரண்டு என்றாள்.
சரியாகத்தான் இருந்தது.

நோட்டில் எழுதினேன்:
தொழில்நுட்பக் கோளாறு.

மறுநாள் சந்தையில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.
தமிழ் தெரியாத ஆ கியாட் மட்டும் படியேறி வந்து,
நேற்று ரேடியோ நின்றபோது
மெஷினை நானும் நிறுத்தினேன் என்று சொல்லிவிட்டு
இறங்கிப் போனார்.

அலைவரிசையைப் பிறகு கோலாலம்பூர்க்காரர்கள் வாங்கினார்கள்.
இரண்டே சமிக்ஞை விளக்கு உள்ள ஊருக்கு
விடிந்தால் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலைச் சொல்கிறார்கள்.
அறிவிப்பாளர் மூச்சு வாங்கும் இடத்தைக்கூடக்
கணினி வெட்டி ஒட்டிவிடுகிறதாம்.

கடைசிப் பதிவு ஜூன் 30, நள்ளிரவு.
நின்ற நேரம் இருக்கிறது.
மீண்டும் தொடங்கிய நேரத்துக்கான கட்டம் காலி.

இப்படியே அனுப்பிவிடலாம்.
ஒரு வரியை மட்டும் அடிக்க வேண்டும்;
அடித்துவிட்டு அங்கே என்ன எழுத என்று
குணவதியைத்தான் கேட்க வேண்டும்.
அவள் இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம்
குடியிருக்கிறாள்.