இருபத்து மூன்று கிலோ

கல்முனைச் சந்தையில் றவூப் நானா
வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு
என் பெட்டியைத் தராசில் ஏற்றினார்.
இருபத்தாறரை.
அகராதியை வெளியே எடுத்தேன்.
குளிர்ச்சட்டையில் கை வைக்க மனமில்லை.

"படிப்பிக்கவா போறாய்?"
"இல்ல நானா, டீச்சர் வேற ஆள்.
நான் பக்கத்தில நிண்டு பேசிக் காட்டணும்."
"பேசுறதுக்கா சம்பளம்!"

நேர்முகத்தில், பெர்கனிலிருந்து, கேட்டார்கள்:
வட்டார வழக்கைத் தவிர்ப்பீர்களா?
ஓம் என்றேன்.
திரை கொஞ்சம் உறைந்து
பிறகு ஓடியது.

இன்னும் ஒன்றரைக் கிலோ கூட.
"மறுகா பாப்பம் கா, யாவாரம் கிடக்கு."

வெங்காயச் சருகு ஒட்டிய பெட்டியைப்
பாண்டிருப்புப் பக்கம் இழுத்துப் போனேன்.
ஒரு சில்லு சரியில்லை.
தார் றோட்டு முழுக்க
மறுகா, மறுகா என்று
கத்திக்கொண்டே வந்தது.