துருச்சிவப்பு, எண் 3009

எங்கள் தொழிலுக்கு வெள்ளைக் கால்சட்டைதான்.
பிரேமர்ஹாஃபனில் பெயின்டர் என்றால் வெள்ளை,
நான்கு பை, முழங்காலில் பஞ்சுத் திண்டு,
சுத்தியல் மாட்ட ஒரு வளையம்.
யார் வைத்த வழக்கமோ.
வைத்தவனுக்கு மாதவிடாய் வந்திருக்காது,
அது மட்டும் உறுதி.

காயில் போடுவதற்கு முன்
ஒன்பது நாள் கொட்டும் எனக்கு.
சாரத்தின் ஐந்தாம் தட்டிலிருந்து
ஏணி ஏணியாக இறங்கி
நீலப் பிளாஸ்டிக் கழிப்பறைக்கு ஓடுவேன்.
திரும்பி ஏறுவதற்குள் தூரிகை காய்ந்திருக்கும்.
மேஸ்திரி கடிகாரத்தைப் பார்ப்பான்,
என்னைப் பார்க்க மாட்டான்.

அதனால்தான் போட்டுக்கொண்டேன்.
பிள்ளை வேண்டாம் என்பது இரண்டாவது காரணம்;
ட்யார்க்கிடம் அதைத்தான் முதலாவதாகச் சொன்னேன்.

டாக்டர் ஹைல்கே படம் வரைந்து காட்டினாள்:
தீக்குச்சியைவிடக் குட்டை,
இரண்டு கை, கீழே மீசைபோல் நூல்.
"எட்டு வருடம் தாங்கும்."
வெளிச்சுவருக்கு நான் தரும் உத்தரவாதத்தைவிட
மூன்று வருடம் கூடுதல்.
"முதல் ஆறு மாதம் ஒழுங்கிருக்காது.
சொட்டும். நிற்கும். மறுபடி சொட்டும்."
இருமச் சொன்னாள். இருமினேன்.
அந்த நொடியைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

சமையலறையில் பெயின்ட் கடைக் காலண்டர்.
வண்ண அட்டை பார்த்துப் பழகிய கண்,
நாளுக்கு நாள் எண் போட்டு வைத்தேன்.
மார்ச் நான்கு: 8012, செம்பழுப்பு.
ஐந்து: ஒன்றுமில்லை.
ஆறு: ஒன்றுமில்லை, ஆனாலும் நாப்கின் வைத்திருந்தேன்.
ஏழு, ட்யார்க்கின் தம்பி கல்யாணம்,
கடன் வாங்கிய சாம்பல் நிற கவுன்: 3009.
அப்புறம் பதினேழு நாள் டீக்கறை;
அட்டையில் அதற்கு எண் இல்லை.
கருவிப் பெட்டியில், உப்புத்தாளுக்கு அடியில்,
மாற்று ஜட்டி இரண்டு.
"இதெல்லாம் அடுத்த வேலைக்கான ஆர்டரா?"
ட்யார்க் கேட்டான்.
ஆமாம் என்றேன்.

ஏப்ரலில் நின்றது.
நிற்கட்டும் என்றுதானே போட்டது?
நாற்பத்தோராம் நாள் மருந்துக்கடைக்கு ஓடினேன்.
வந்தால் எரிச்சல், வராவிட்டால் பயம்.
விருந்தாளியா கடன்காரனா என்று தெரியாத ஒருவனுக்காகக்
கதவை ஒருக்களித்தே வைத்திருக்கும் வாழ்க்கை.
ஒற்றைக் கோடு.
குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து
அந்தக் குச்சியை உதறி உதறிப் பார்த்தேன்,
காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய்போல.
ஒற்றைக் கோடுதான்.

மே மாதம், துறைமுகத்தில் பழைய கிரேன்.
துருவைச் சுரண்டி முதல் பூச்சு.
பூச்சின் நிறம் 3009.
வேஸர் ஆற்றிலிருந்து காற்று சாய்வாக அடித்தது.
மண்டியிட்டு எழுந்தபோது
தொழில் பழக வந்த ஒன்னோ,
பதினேழு வயது, கழுத்தெல்லாம் பரு,
"வீப்கே, பின்னால் பெயின்ட்" என்றான்,
டர்பன்டைன் தோய்த்த துணியை நீட்டினான்.

தீட்டுவது என் பிழைப்பு.
தீட்டு என்று எதையும் நான் சொன்னதில்லை.
ஆனாலும் வாய் ஒரு பொய்யைத்
தயாராகக் குழைத்து வைத்திருந்தது:
ஆமாம், எங்கேயோ உரசிவிட்டேன்.
எண்கூட ஒன்றுதான். யாருக்குத் தெரியும்?

"இது டர்பன்டைனில் போகாது.
பச்சைத் தண்ணீர் வேண்டும்" என்றேன்.

துணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
அவன் காதுமடல்
அட்டையில் இல்லாத ஒரு நிறத்துக்குப் போனது.
"உப்பும் போடணும்" என்றான், மெதுவாக.
"எங்கள் வீட்டில் மூன்று அக்கா."

ஈர விளிம்பு காய்வதற்குள் பிடிக்க வேண்டுமே,
இரண்டு பேரும் கிரேனின் தோளில்
வேகவேகமாக உருளையை உருட்டினோம்.
கால்சட்டை அப்படியே இருந்தது,
ஐந்து மணி வரை.

ஜூலையில் ஹைல்கே கேட்பாள்: எடுத்துவிடவா?
தெரியவில்லை.
மாதம் ஒரு தடவை
நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன்.
இருக்கிறது.
இன்று ஒன்றுமில்லை.
நாப்கின் வைத்திருக்கிறேன்.