தொடக்க இழப்பு

ரொசாரியோ நகரில்
பெலெக்ரினி சாலையை ஓரோன்யோ வெட்டும் இடத்தில்
தாருக்கடியில் செம்புக்கம்பிச் சுருள்கள் புதைத்தோம்.
மேலே எது நின்றாலும் உணரும்,
இரும்பாக இருந்தால்.

முன்பு அங்கே சிவப்பு என்றால் எழுபது நொடி.
நாய்கூடக் கடக்காத நள்ளிரவிலும் எழுபது.
வட்டிக்காரன் கறார்.
இப்போது எங்கள் நிரல்
வரிசையைப் பார்த்துப் பங்கு வைக்கிறது:
ஒருமுறை முப்பத்தொன்று, ஒருமுறை ஐம்பத்தெட்டு.
சராசரிக் காத்திருப்பு பத்தொன்பது விழுக்காடு குறைந்தது.
ஆய்வகத்துக்கு லெயாந்த்ரோ கேக் வாங்கி வந்தான்.

மறுநாள் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து
மண்டியிட்டிருந்தேன்.
பின்னால் ஒரு குரல்:
"இன்றைக்கு எத்தனை?"

மைத்தேனா.
இடுப்பில் தொப்பி, கைகளில் நான்கு கட்டைகள்.
நாற்பத்தைந்து நொடி வித்தை,
ஐந்து நொடி வணக்கம்,
மிச்சம் இருபதில் ஜன்னல் ஜன்னலாகத் தொப்பி.
ஒன்பது ஆண்டுகளாக எழுபதைத்
தோள்பட்டையில் மனப்பாடம் செய்திருந்தவள்.
முந்தின நாள் ஐந்தாவது கட்டை
அந்தரத்தில் இருக்கும்போதே பச்சை விழுந்துவிட்டதாம்.
அதன்மேல் ஒரு ரொட்டி வண்டி ஏறிப் போயிற்றாம்.

எனக்கும் தெரியாது என்றேன்.
அந்தந்த நேரத்துக்கு அதுவே முடிவெடுக்கும் என்றேன்.
"ஓ, என் முதல் புருஷன்"
என்று சொல்லிவிட்டுச்
சாலைக்குள் இறங்கினாள்.
சரியாக எங்கள் சுருளின் மேல்தான் நின்றாள்.
சுருளைக் கேட்டால்
அங்கே யாருமில்லை.

மார்ச் முழுக்க
அவள் வித்தை காட்டியதைவிட
வேடிக்கை பார்த்ததுதான் அதிகம்.
குறுக்குச் சாலையில் எத்தனை வண்டி,
பள்ளி விட்டாயிற்றா,
ஆற்றுப் பக்கமிருந்து நூற்று நாற்பத்து மூன்று
திரும்புகிறதா, அது நிறைந்திருக்கிறதா.
இலை கொட்டும் ஏப்ரலில் ஒருநாள் சொன்னாள்:
"இது நாற்பது. அடுத்தது நீளம்."
நாற்பத்தொன்று வந்தது. அடுத்தது ஐம்பத்தேழு.
இதைச் சொல்ல என் நிரலுக்குப்
பதினான்கு மாறிகளும்
குளிரூட்டிய ஓர் அறையும் வேண்டும்.

இப்போது அவளிடம் மூன்று வித்தைகள்:
குட்டை, நடு, நெட்டை.
செருப்புக் கடைக்காரியைப்போல்
காலைப் பார்த்ததும் அளவை எடுக்கிறாள்.

கட்டுரையின் ஆறாம் அட்டவணையில் ஒரு சிக்கல்.
பச்சை விழுந்த பிறகு
முதல் வண்டிகள் அசைந்து கிளம்புவதற்குள்
வீணாகும் நேரத்துக்குத் தொடக்க இழப்பு என்று பெயர்.
மற்ற சந்திப்புகளில் இரண்டு நொடி.
எங்கள் வடக்குக் கையில் மட்டும் நான்கு புள்ளி மூன்று.
கருவிப் பிழையா, விளக்குக என்று
மதிப்பீட்டாளர் இருமுறை கேட்டுவிட்டார்.

பிழையில்லை ஐயா.
ஒருவர் கதவிடுக்கில் கசங்கிய நோட்டைத் துழாவுகிறார்.
ஒரு பையன் செல்போனை நீட்டுகிறான்,
அவள் தொப்பியைக் கவிழ்த்து
உள்ளே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியைக் காட்டுகிறாள்.
டாக்சிக்கார அம்மாளின் இருபது பெசோவைக்
காற்று பிடுங்குகிறது,
எட்டி அதையும் பிடிக்கிறாள்.
பின்னால் ஹாரன், ஹாரன்.

"உள்ளூர்க் காரணிகள்" என்று எழுதி அனுப்பினேன்.

அதை இரண்டுக்கு இறக்க
ஒரு வழி இருக்கிறது என்கிறான் லெயாந்த்ரோ,
வரைபடத்தோடு வந்து பக்கத்தில் நிற்கிறான்.
ஆறிப்போன மத்தேயை
வெகுநேரமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன்.