குறைஞ்ச சத்தம்

தாலி கட்டி முடிஞ்சு பந்தி தொடங்கியிட்டுது.
கமராக்காரருக்கு இனி அரை மணித்தியாலம் சும்மா.
பரந்தன் மண்டபத்தின் பின்பக்கம்,
அண்டா கழுவும் குழாயடியில்
நாலு பேர் குந்தியிருந்து
கொழும்புக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

யூட் வாங்கின லென்சுக்குள் பூஞ்சணம்.
கைபடாத சாமான் என்றுதான் தந்தானாம்.
கை படேல்லை, மழை பட்டிருக்கு
என்றான் தர்மிகன்.
அவனுடைய பற்றரி வேறு கதை:
பெட்டியில் இரண்டு மணித்தியாலம் என்று எழுதியிருந்தது,
பொன்னுருக்கலில் நாற்பது நிமிஷம்.
கன்னிக்கால் நடும்போது செத்துப்போய்
நட்ட காலைப் பிடுங்கித் திரும்ப நடச் சொல்ல
ஐயர் பார்த்த பார்வை
எந்தக் கமராவிலும் பதியவில்லை.

லீசிங் முடிய இன்னும் பதினொரு மாதம்.
கமரா அதுக்கு முன்னமே முடிஞ்சிடும்.
கிரவல் றோட்டுப் புழுதி வளையத்துக்குள் இறங்கி
ஸூம் பண்ணினால் அம்மி அரைக்கிறது.
கலையமுதன் லென்சுகளை
அரிசி வாளிக்குள் தாட்டு வைக்கிறவன்.
ஒருநாள் மனிசி இருட்டில் சுண்டு போட்டு
ஐம்பது மில்லிமீற்றரையும் சேர்த்து அள்ளினாளாம்.
உலை கொதிக்க முன்னம் கண்டது
அவனுடைய நல்ல காலம்.

எனக்கு வேணும் ட்ரோன்.
மேலே இருந்து எடுக்காட்டில்
கனடாக்காரர் இப்ப அட்வான்ஸ் அனுப்பிறதில்லை.
றிஸ்வான் நானாவுக்குப் போன் எடுத்து
எல்லாருக்கும் கேட்கப் போட்டேன்.
நல்ல மனிசன். பொறுமையாய்ச் சொன்னார்:
எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம்,
காத்துக்கு எப்படி நிற்கும்,
குளத்துக்குள் விழுந்தால் ஆர் பொறுப்பு.

நான் கேட்டேன்:
சத்தம் எவ்வளவு நானா?

"கல்யாண வீட்டுக்குத்தானே தம்பி?
மேளம் அடிக்கும், நாதஸ்வரம் ஊதும்.
அதுக்குள்ள இது யாருக்குக் கேக்கும்?"

யூட் குழாயைப் பூட்டினான்.

போன மாதம் வள்ளிபுனத்தில்
கண்டிப் பக்கம் இருந்து வந்த பெடியன் ஒருத்தன்,
இரண்டாயிரத்து ஒன்பதில் பால்குடி,
பொம்பிளை மாப்பிள்ளை வாசலுக்கு வர
மேலே ஏத்தினான்.
மேளம் அடிச்சுக்கொண்டுதான் நின்றது.
ஆராத்தித் தட்டோடு நின்ற பொம்பிளையின் தாய்
ஒருக்கால் அண்ணாந்தா.
தட்டைக் கவனமாய்க் கீழே வைச்சா.
பக்கத்தில் நின்ற, ஆரோ பெத்த, இரண்டு பிள்ளைகளைக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பந்தல் வாழையடியில் குனிஞ்சா.
வண்டு, என்றா. வேறொன்றும் சொல்லேல்லை.

எடிட்டிங் எனக்குத்தான் வந்தது.
திரையில் மேலே இருந்து பார்க்க
வடிவாய் இரண்டாய்ப் பிரியுது சனம்.
சின்னனுகள் கை காட்டுதுகள்.
பெரியாக்கள் மரம் தேடுகினம்.
நாலு செக்கன்.
வெட்டி, அந்த இடத்தில் ரோசாப்பூ ஒன்றை விரிய விட்டேன்.
கனடாவில் நல்லாய் இருக்கெண்டு சொன்னவையாம்.

போனில் நானா இன்னும் நின்றார்.
"சத்தம் குறைஞ்ச இறக்கை ஒண்டு வரும் தம்பி,
எட்டாயிரத்து ஐந்நூறு கூட.
ஒருத்தரும் எடுக்கிறல்ல, அலுமாரியில கிடக்கு."

எவ்வளவு குறையும்?

"பாதி."

கையில் காசில்லாத காலத்திலும்
விலை பேசாமல் ஒரு சாமான் வாங்கினது
இதுதான் முதல்தரம்.
தர்மிகன் எனக்கும் ஒரு சோடி என்றான்,
அவனிடம் ட்ரோனே இல்லை.

உள்ளே இரண்டாம் பந்திக்கு இலை விழுந்தது.
எழும்பிக் காற்சட்டையைத் தட்டினோம்.
மேளகாரரைப் பிடிச்சுச் சொல்லி வைக்கவேணும்,
மிச்சப் பாதிக்கு:
அண்ணை, வாசலில் நான் கை தூக்கினால்
தாலி இல்லாட்டிலும் பறவாயில்லை,
கெட்டிமேளம்.