வியாக்கியானம்

தேவாலா.
பேரைக் கொஞ்சம் நீட்டினால் தேவாலயம் என்பார் பாஸ்டர்.
எங்களுடையது டான்டீ லைன் கடைசியில்
ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஹால்.
ஆனி மழை பிடித்துவிட்டால்
பிரசங்கத்தில் பாதி கூரைக்குத்தான்.

பன்னிரண்டு வருஷம் உபவாசமிருந்தேன், அந்நியபாஷைக்காக.
பக்கத்துப் பாயில் பதினாறு வயசுப் பிள்ளை
முதல் வெள்ளிக்கிழமையே பெற்றுக்கொண்டாள்.
தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி
கொட்டியது அவளுக்கு.
எனக்கு நாக்கு வறண்டதுதான் மிச்சம்.
கடைசியில் பேரத்தைக் குறைத்தேன்:
பேச வேண்டாம் ஆண்டவரே,
பேசுகிறவர்களின் அர்த்தத்தையாவது தாரும்.
அதற்கும் பதில் இல்லை.
சபை நோட்டில் என் பேருக்கு எதிரே
‘சலோமி: பாய் விரித்தல், கட்டன் காப்பி’ என்றிருந்தது.

அன்று முழு இரவு ஜெபம்.
மணி ஒன்று இருக்கும்.
கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு
போனோடு வெளியே போன கெம்பி
நனைந்தபடி ஓடிவந்து
நடு ஹாலில் மண்டியிட்டாள்.
பகலில் எங்களோடு தமிழ் பேசிக்கொண்டு
கொழுந்து எடுக்கிறவள்தான்.
அந்த நேரம் தமிழ் அவளை விட்டு
இறங்கிப் போயிருந்தது.

கைகள் உயர்ந்தன.
‘வந்து எட்டே மாசம், அதற்குள் அபிஷேகம்!’
என்று ஒருத்தி அழுதாள்.
யாரோ டிரம்மை மெல்லத் தட்டத் தொடங்கினார்கள்.
வியாக்கியான வரமுள்ளவர் சொல்லலாம் என்றார் பாஸ்டர்.
தித்தூஸ் அண்ணன் எழுந்தார், கண் மூடி:
‘என் ஜனமே, இந்த மலைக்கு எழுப்புதல் வருகிறது.’
ஆமென் கூரையில் முட்டியது.

கூடலூர் ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் நான் ஆயா.
பிரசவ வார்டில் பெட்டக்குறும்பப் பெண்கள்
வலியில் கேட்டதெல்லாம் என்னிடம்தான்.
தண்ணி. ஒருக்களிச்சுப் படுக்க வை.
ஆணா, பெண்ணா. பயமா இருக்கு.
பெட்பேன் கழுவிக்கொண்டே படித்த பாஷை.

கெம்பி சொன்னது இது:
யானை. வீட்டுச் சுவரைத் தள்ளிவிட்டது.
பெரியவன் பரணில் இருக்கிறான், தனியாக.
ஒரு வண்டி. யாராவது ஒரு வண்டி.

நான்காவது தடவை அவள் சொன்னபோதுதான்
நான் எழுந்தேன்.
எந்தச் சாட்சியிலும் இதை நான் சொன்னதில்லை.
முதல் மூன்று தடவையும்
தித்தூஸ் அண்ணன் முகத்துக்கு நேரே
அது அப்படியில்லை என்று எப்படிச் சொல்வது
என்றுதான் உட்கார்ந்திருந்தேன்,
அவள் குழந்தையை வைத்துக்கொண்டு.

‘வண்டி வேணும்’ என்றேன்.
என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

டிரம் நின்றது. மழை நிற்கவில்லை.
ஜீப் வைத்திருந்தது தித்தூஸ் அண்ணன் ஒருவர்தான்.
ஒரு கேள்வி கேட்கவில்லை அவர்.
சாவிக்காக எல்லாப் பாக்கெட்டையும் தட்டினார்,
சாவி கையிலேயே இருந்தது.
பதினோரு பேர், இரண்டு டார்ச்,
சத்தம் போடுவதற்கு அந்த டிரம்.

பையன் பரணில் இருந்தான், அழக்கூட இல்லை.
ஒரு சுவரும் ரேஷன் அரிசியும் போயிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கேட்டார்:
சிஸ்டர், அது வரமா, ஆஸ்பத்திரிப் பழக்கமா?
தெரியல பாஸ்டர், காப்பி ஆறுது என்றேன்.
அவர் குடித்தார். யோசித்துக்கொண்டே குடித்தார்.

வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள்
தோட்டத்தில் கெம்பி கேட்டாள்:
நான் என்ன சொன்னதாக அந்த அண்ணன் சொன்னார்?
எழுப்புதலுக்கு அவள் பாஷையில் எனக்குச் சொல் தெரியாது.
பிரசவ வார்டில் யாரும் அதைக் கேட்டதில்லை.
எழுந்திருப்பது என்றேன்,
எல்லாரும் எழுந்திருப்பது.

கைநிறையக் கொழுந்தைப் பைக்குள் போட்டாள்.
‘எழுந்தோமே’ என்றாள்.